ஹேஸா, ஹேவா? அம்மா சொன்ன விடை

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. கோடிங் ரவுண்டுக்கு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிற நாம, இங்கிலீஷ் பகுதியை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டுடறோம். மார்க் போறது அங்கேதான். எம்.டெக் சேர எழுதுற கேட் தேர்விலும் 100-க்கு 15 மார்க் ஜெனரல் ஆப்டிடியூட். அதிலும் இங்கிலீஷ் உண்டு. ஜிமேட்ல 2023-ல வந்த புது வடிவத்துல சென்டென்ஸ் கரெக்‌ஷனையே எடுத்துட்டாங்க. ஆனா கேம்பஸ் டெஸ்டுல அது நம்மை விடுறதா இல்லை.

அதனால இந்த மாதம் ஒரே ஒரு கேள்வி. என் ஊர் திமிரி, ஆற்காடு – ஆரணி ரோட்டுல இருக்கு. உதாரணமும் அந்த ஊர் பேரிலேயே இருக்கட்டும்.

"திமிரி இஸ் ஒன் ஆஃப் த டவுன்ஸ் தட் ஹேஸ் சென்ட் வொர்க்கர்ஸ் டு த ஷூ ஃபேக்டரீஸ் ஆஃப் ராணிப்பேட்டை."

'ஹேஸ் சென்ட்' இருக்கிற இடத்தில் எது சரி?

அ) ஹேஸ் சென்ட்
ஆ) ஹேவ் சென்ட்
இ) இஸ் சென்டிங்
ஈ) வாஸ் சென்ட்

கீழே படிக்கிறதுக்கு முன்னாடி மனசுல ஒரு விடையைக் குறிச்சுக்கோங்க.

மாக் டெஸ்டுல இதே மாதிரி ஒரு கேள்விக்கு நான் 'அ' போட்டேன். தப்பு! 'ஒன் ஆஃப்' வந்தா ஒருமைன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். அந்த விதி சரிதான். ஆனா அது வேற வாக்கியத்துக்கு:

"ஒன் ஆஃப் த டவுன்ஸ் ஹேஸ் சென்ட் வொர்க்கர்ஸ்."

இங்கே ஒரே வினைதான் இருக்கு. அனுப்பினது 'ஒன்'. அதனால 'ஹேஸ்'. நம்ம கேள்வியில் இரண்டு வினை இருக்கு. முதல் வினையான 'இஸ்' திமிரிக்குச் சொந்தம். 'தட்'டுக்குப் பின்னால் வர்ற இரண்டாவது வினை யாருக்குச் சொந்தம்? அதுதான் மொத்தக் கேள்வியும்.

அன்னைக்கு வீட்டுல இதையே முணுமுணுத்துக்கிட்டு இருந்தேன். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவங்க, அப்பதான் வேலை முடிச்சு வந்திருந்தாங்க. "இன்னாடா அது, ஹேஸு ஹேவுன்னு?" என்றார்கள். தமிழில் சொன்னேன்: "ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் திமிரியும் ஒன்று." அம்மா யோசிக்கவே இல்லை. "அனுப்புனது நெறைய ஊருங்கதானே? எங்க கம்பெனி பஸ்ஸு எத்தினி ஊர்ல நிக்குது! திமிரி அதுல ஒண்ணு, அவ்ளோதான்."

விடை கிடைச்சாச்சு. 'ஆ', ஹேவ் சென்ட். 'இ'யும் ஒருமை, அதனால் அதுவும் போச்சு. 'ஈ'யும் ஒருமைதான், அதோட பொருளையே மாத்திடும்.

இதுக்குப் பின்னாடி பள்ளியில் படிச்ச பெயரெச்சம் இருக்கு. 'அனுப்பிய ஊர்', 'அனுப்பிய ஊர்கள்' இரண்டிலும் 'அனுப்பிய' மாறுவதில்லை. ஒருமை பன்மை பார்க்கிற பழக்கம் அந்த இடத்தில் நமக்கு இல்லாததால்தான் இங்கிலீஷில் தடுமாறுகிறோம். ஆனா தமிழ்ப் பெயரெச்சம் தனக்குரிய பெயருக்கு முன்னால் போய் நின்னுடும். அது எந்தப் பெயரைத் தொடுதோ, இங்கிலீஷ் வினை அந்தப் பெயரின் எண்ணிக்கையை எடுத்துக்கும். நம்மைத் தடுமாற வச்ச அதே பெயரெச்சம்தான் வழியையும் காட்டுது.

"'தட்'டுக்கு முன்னாடி இருக்கிற சொல்லைப் பார்த்தாலே போதாதா?"ன்னு கேட்கலாம். போதாது. இதைப் பாருங்க:

"திமிரி இஸ் த ஒன்லி ஒன் ஆஃப் தீஸ் டவுன்ஸ் தட் ___ சென்ட் வொர்க்கர்ஸ்."

இங்கேயும் 'தட்'டுக்கு முன்னாடி 'டவுன்ஸ்'தான். தமிழில்: "இந்த ஊர்களில் ஆள் அனுப்பிய ஒரே ஊர் திமிரி." பெயரெச்சம் இப்போ 'ஒரே ஊர்' பக்கம் போயிடுச்சு. அதனால 'ஹேஸ்'.

ஒரு எச்சரிக்கை. பேர் பெற்ற இங்கிலீஷ் எழுத்தாளர்களே முதல் வகை வாக்கியத்தில் ஒருமை வினை போட்டு எழுதியிருக்காங்க. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தேர்வில் எதிர்பார்க்கிறது பன்மைதான்.

இப்போ உங்க முறை:

1. "ஹி இஸ் ஒன் ஆஃப் தோஸ் பாய்ஸ் ஹூ ___ லேட் எவ்ரி டே." கம்மா, கம்ஸா?

2. "ஒன் ஆஃப் த மெஷின்ஸ் இன் அவர் லேப் ___ நாட் வொர்க்கிங்." இஸ்ஸா, ஆரா?

3. "ஷீ இஸ் த ஒன்லி ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஹூ ___ தமிழ் நாவல்ஸ்." ரீடா, ரீட்ஸா?

விடைகள்: 1. கம் (தாமதமா வர்ற பசங்களில் ஒருத்தன்). 2. இஸ் (பெயரெச்சமே இல்லை, ஒரே வினை). 3. ரீட்ஸ் (படிக்கிற ஒரே ஒருத்தி).

தமிழ் மீடியத்துல படிச்சதால இங்கிலீஷ் வராதுன்னு நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கேள்வியைப் போட வேண்டிய பாதி இலக்கணம் ஏற்கெனவே உங்க கையில இருக்கு. தேர்வு ஹாலுக்குப் போறப்ப அதை வீட்டுலயே வச்சிட்டுப் போயிடாதீங்க.