ஆர்.ஓ ஃபில்டரும் 5,500 ரூபாய் ஏ.எம்.சியும்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

வாரன்டி முடிந்த மறுவாரமே அந்த போன் வரும். "சார், மெம்பரேன் போயிருக்கும், ஏ.எம்.சி போட்டுடுங்க." போயிருக்கா இல்லையானு மெஷினைப் பார்க்காமலே எப்படித் தெரியும்? அதை நீங்களே பார்க்கலாம்.

ஆர்.ஓவில் தண்ணீர் முதலில் ஸ்பன் ஃபில்டரில் மண், துருவை விடும். அடுத்து கார்பன் ஃபில்டர் குளோரினைப் பிடிக்கும். அப்புறம்தான் மெம்பரேன் உப்பைப் பிரிக்கும். இதில் விலை அதிகம் மெம்பரேனுக்கு. அதைக் கெடுப்பது பெரும்பாலும் முன்னால் இருக்கிற மலிவான ஃபில்டர்களை மாற்றாமல் விடுவது. மண் வந்தால் அடைக்கும், குளோரின் வந்தால் அரிக்கும். 150 ரூபாயை மிச்சம் பிடித்து 2,000 ரூபாயை இழக்கிற கணக்கு இது.

ஸ்பன் ஃபில்டரைக் கழுவித் திரும்பப் போடுறவங்க நிறைய பேர். வெளியே வெள்ளையாகும், உள்ளே புகுந்த மண் அப்படியே இருக்கும். மாற்றுவதுதான் வழி. மெயின் சுவிட்சை அணைத்து, குழாயை மூடி, கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்க. ரப்பர் வளையம் சரியா உட்கார்ந்திருக்கானு பாருங்க, இல்லைனா ராத்திரி முழுக்க சமையலறையில் ஒழுகும். கார்பன் புதுசா போட்டால் முதல் டேங்க் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்க. கறுப்புத் தூள் வரும்.

மெம்பரேனுக்கு சில நூறு ரூபாய் டி.டி.எஸ் மீட்டர் போதும். உள்ளே வரும் தண்ணீர் 800, வெளியே 60 என்றால் 92.5% உப்பு பிரிகிறது. மெம்பரேன் நல்லா இருக்கு. அதே 800க்கு வெளியே 200 வந்தால் 75% தான், மாற்றும் நேரம். ஆனால் சில மாடல்களில் ருசிக்காகக் கொஞ்சம் சாதா தண்ணீர் கலப்பாங்க, ரீடிங் ஏறித்தான் தெரியும். அதனால் மெம்பரேன் புதுசா இருக்கும்போதே ரீடிங்கை போனில் குறித்து வைத்து, அதோடு ஒப்பிடுங்க. கார்பன் தீர்ந்ததை இந்த மீட்டர் காட்டாது. கிருமியையும் காட்டாது.

இப்போ கணக்கு. விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. ஸ்பன் வருஷத்துக்கு 4, தலா 150: 600 ரூபாய். கார்பன், செடிமென்ட் செட் 900. மெம்பரேன் 2,000, இரண்டு வருஷம் வந்தால் வருஷத்துக்கு 1,000. சர்வீஸ் இரண்டு தடவை, 800. மொத்தம் 3,300. ஏ.எம்.சி 5,500 என்றால் 2,200 மிச்சம். ஆனா அதை ஸ்விக்கியில் விட்டுடாதீங்க. தனியா வைங்க, பம்ப் போனால் அதுதான் கைகொடுக்கும்.

போர் தண்ணீர், டி.டி.எஸ் 1,500க்கு மேல் என்றால் கதை வேற. ஸ்பன் மாசாமாசம் (1,800), மெம்பரேன் வருஷாவருஷம் (2,000) என்று ஆனால் மொத்தம் அதே 5,500 வந்து நிற்கும். அப்போ ஏ.எம்.சி போடுறதுதான் புத்திசாலித்தனம்; பம்ப் ரிஸ்க் அவங்க தலையில். மாறாக, உங்க குழாய் தண்ணீரே 500க்குள் இருந்தால் (இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ் 10500 சொல்லும் ஏற்கத்தக்க அளவு அதுதான்), அடுத்த தடவை ஆர்.ஓவே வாங்கணுமா, யு.வி போதுமானு யோசிங்க.

ஏ.எம்.சி எடுக்கிறதா இருந்தால் மெம்பரேன், பம்ப், அடாப்டர் மூன்றும் சேர்ந்ததானு எழுத்தில் வாங்குங்க. பல திட்டங்களில் வெறும் சர்வீஸ் மட்டும்தான். சொன்ன விலையில் 18% ஜி.எஸ்.டி சேர்ந்திருக்கானும் கேளுங்க. சேராவிட்டால் 5,500 என்பது 6,490. வாடகை வீட்டில் இருக்கிறவங்க மூன்று வருஷ திட்டத்துக்கு மொத்தமா பணம் கட்டாதீங்க. வீடு மாறினால் கழற்றி மாட்டுற கூலி பெரும்பாலும் தனி.