வயிற்றில் ஆபரேஷனா? மூச்சுப் பயிற்சியை மறக்க வேண்டாம்



பித்தப்பைக் கல், ஹெர்னியா, கர்ப்பப்பை என்று வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்தவர்களை நலம் விசாரிக்கப் போகும்போது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது: மல்லாந்து படுத்தபடி, இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். "அசையாதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்கிறார்கள் வீட்டார். பாசம்தான், ஆனால் நுரையீரலுக்கு அது கெடுதல்.

வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடியில் உள்ள சிறு காற்றுப் பைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். சளி அங்கேயே தங்கும். அதில் கிருமி பிடித்தால் நிமோனியா. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

நிமிர்ந்து சாய்ந்து உட்காருங்கள். விலா விரியும்படி மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, 3 விநாடி நிறுத்தி, வாயைக் குவித்து மெல்ல விடுங்கள். இப்படி 10 முறை, விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை. தலை சுற்றினால் சற்று ஓய்வெடுங்கள். ஐவேளைத் தொழுகையோடு செய்தால் போதாதா என்று கேட்கிறார்கள். ஞாபகத்துக்கு நல்லதுதான், ஆனால் போதாது. லுஹருக்கும் அஸருக்கும் நடுவிலேயே இரண்டு மூன்று தடவை வந்துவிடும்.

பிறகு தலையணையைத் தையல் மேல் வைத்து இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு இருமிச் சளியை வெளியேற்றுங்கள். வலி மாத்திரையைத் தவிர்க்காதீர்கள். வலி அடங்கினால்தான் மூச்சு ஆழமாகப் போகும். மூன்று பந்துக் கருவி கொடுத்திருந்தால் அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். (பல வீடுகளில் அது பேரப்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாகிவிட்டது. ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் தொடவே கூடாது.) டாக்டர் அனுமதித்ததும் எழுந்து நடங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே இதைக் கற்றுக்கொள்வது மேல். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. கையேடு மட்டும் வாங்கியவர்களில் 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் கோளாறு வந்தது. அதோடு அரை மணி நேரம் பிசியோதெரபிஸ்ட் நேரில் சொல்லிக்கொடுத்தவர்களில் 12 சதவீதம்தான். எனவே அட்மிட் ஆகும்போதே கேளுங்கள்.

குனிந்து ஸஜ்தா செய்ய முடியாதவர் உட்கார்ந்தே தொழலாம். நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தந்த சலுகை அது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் போகும் பிள்ளைகள் சம்பளம் போகுமே என்று சீக்கிரமே வேலைக்கு ஓடுகிறார்கள். இ.எஸ்.ஐ. இருந்து, சந்தா நாட்கள் சரியாக இருந்தால், மருத்துவச் சான்றுடன் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மஞ்சள் அல்லது பச்சைச் சளி, ஒரு கால் மட்டும் வீங்குவது: இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். திணறலோ நெஞ்சு வலியோ என்றால் உடனே 108.