சர்வீஸ் போடுங்க, சாமி!

எங்கள் ஷட்டில் குழுவில் உதயசூரியனும் உண்டு, இரட்டை இலையும் உண்டு. ஐந்து வேளை தொழுகிற பாய் ஒருவர்; திராவிடர் கழகத்துக் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர். கார்த்திகையில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் கோர்ட்டில் இரண்டு கறுப்பு ஆகிவிடும். கடவுளே இல்லை என்று வாதாடுகிறவர், விரதம் முடிகிறவரை "சர்வீஸ் போடுங்க, சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

ஆட்டம் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அரசியல் பேசாமல் எழுந்ததில்லை. ஆனாலும் குழு உடையவில்லை. அதற்குச் சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம்.

யாரையும் கூண்டில் ஏற்றுவதில்லை. எங்கோ குண்டு வெடித்தால் பாயிடம் விளக்கம் கேட்பதும், அமைச்சர் வீட்டில் ரெய்டு என்றால் கட்சிக்கார நண்பரைப் பதில் சொல்லச் சொல்வதும் அநியாயம். மின்கட்டண உயர்வு சரியா என்று மணிக்கணக்கில் பேசலாம். "உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே கெட்டுவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் விவாதம் கிடையாது. நாலு பேர் வேடிக்கை பார்க்கும்போது யாரும் இறங்கிவர மாட்டார்கள். முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற எதையும் ஃபார்வர்டு செய்வதும் இல்லை.

தேர்தல் முடிவு வந்த மறுநாள், ஜெயித்த கட்சிக்காரர்தான் டீக்காசு கொடுக்க வேண்டும். தோற்றவரைச் சீண்டக் கூடாது; அவராகப் பேச்செடுத்தால் பேசலாம்.

குரல் உயரும்போது யாராவது "விட்டுருவோம்" என்றால் அதோடு சரி. "கடைசியா ஒண்ணு சொல்லிக்கிறேன்" என்று இழுப்பதில்தான் மனக்கசப்பு வருகிறது.

கருத்து மோதலும் நட்பும் சேர்ந்திருப்பது புதிதல்ல. 1953-இல் தம் நண்பர் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சாடி, கடுமையாக எதிர்த்தவர் பெரியார். 1972 டிசம்பரில் அதே ராஜாஜி மறைந்தபோது, 93 வயதில் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டவரும் அவரே. நட்புக்காகக் கொள்கையை மென்று விழுங்க வேண்டியதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஒன்றை மட்டும் நாங்கள் பொறுத்துக்கொள்வதில்லை. சாதியைச் சொல்லி ஒருவரை மட்டம்தட்டும் பேச்சை "அது அவர் கருத்து" என்று விட மாட்டோம். தனியாகக் கூப்பிட்டு, "இது சரியில்ல அண்ணே" என்று சொல்லிவிடுவோம். கேட்டுக்கொண்டவர்கள் இன்றும் ஆட வருகிறார்கள். கோபித்துக்கொண்டு நின்றுவிட்டவரும் உண்டு. வழியில் பார்த்தால் அவருக்கு வணக்கம் சொல்கிறோம்; அன்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.