கூப்பனும் வீண்விரயமும்

ஏனாத்தூரிலிருந்து காஞ்சிபுரம் போய் மாதச் சாமான் வாங்கும் சகோதர, சகோதரிகளே!

“1,000 ரூபாய்க்கு வாங்கினால் 100 ரூபாய் தள்ளுபடி” என்று கூப்பன் கிடைத்தால், முதலில் கணக்குப் போடுங்கள். தேவை 700 ரூபாய்தான் என்றால், கூப்பனுக்காக இன்னும் 300 ரூபாய்ச் சாமான் எடுக்கிறோம். தள்ளுபடி போக 900 ரூபாய். மிச்சம் எங்கே? 200 ரூபாய் கூடுதல் செலவு! தேவையே 1,000 என்றால் தாராளமாகக் கொடுங்கள்.

கூப்பனின் கடைசித் தேதியைப் பாருங்கள். தள்ளுபடி கழிந்ததா என்று பில்லைக் கவுண்டரிலேயே சரிபாருங்கள். தவறுதலாக அதிகம் கழித்திருந்தால் சொல்லிவிடுங்கள், அது அமானிதம். கடையில் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சூரா பனீ இஸ்ராயீல் 26ஆம் வசனம், உறவினர், ஏழை, வழிப்போக்கரின் உரிமையோடு சேர்த்தே வீண்விரயத்தைத் தடுக்கிறது. அந்த 200 ரூபாய் யாருக்குச் சேர வேண்டியது என்று யோசிப்போம்.