அரை சதவீதத்தைத் தாண்டினால்

உணவுப் பாதுகாப்பு: கேள்வி-பதில்

(உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார். இந்த இதழில் கொல்லிமலையிலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்கள்.)

செம்மேடு அருகே தங்கும் விடுதி நடத்துகிறோம். கொம்புச்சாவும், அன்னாசித் தோலை நாட்டுச் சர்க்கரையில் ஊறவைத்த பானமும் விருந்தினருக்குத் தருகிறோம். இது மது இல்லைதானே?

மது இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அளந்து பார்த்தீர்களா?

உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையத்தின் மதுபான ஒழுங்குமுறை 2018இல் அறிவிக்கப்பட்டு, 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கன அளவில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அந்தப் பானம் மதுபானம் என்கிறது அது. நீங்கள் என்ன பெயர் வைத்தீர்கள், உடம்புக்கு நல்லது என்று எழுதினீர்களா என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் மூடிய பாட்டிலுக்குள் இருக்கும்வரை வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். நிரப்பிய அன்று 0.3 இருந்தது, பத்து நாள் கழித்து 1.2 ஆகலாம். ஆகவே நிரப்பிய அன்று எடுத்த மாதிரியை மட்டும் அனுப்பிச் சான்று வாங்கி மாட்டிவைப்பதில் பயனில்லை. எத்தனை நாள் வைத்து விற்கிறீர்களோ, அந்தக் கடைசி நாள் பாட்டிலை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கடையில் வாங்கிய மிதவைமானியைப் பானத்துக்குள் நேராக இறக்கிப் படிப்பதையும் விடுங்கள். ஆல்கஹால் அதைத் தாழ்த்தும், சர்க்கரை உயர்த்தும். இரண்டும் சேர்ந்த நீரில் நீங்கள் படிப்பது எதையும் சொல்லாது. முதலில் வடித்துப் பிரித்து, 20 டிகிரி செல்சியஸில் அளக்க வேண்டும். மார்கழிக் காலையில் செம்மேட்டில் படித்த எண் நாமக்கல் வெயிலில் மாறிவிடும்.

இன்னொன்று. அந்த 0.5 என்ற கோடு உணவுச் சட்டத்தின் கோடு. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் ஆல்கஹால் கலந்த எல்லாத் திரவத்தையும் மது என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. பாட்டிலைக் குளிரில் வையுங்கள், நாளைக் குறையுங்கள், அளந்து பாருங்கள். அதுவரை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள்.

பழைய சோற்று நீராகாரத்திலும் ஆல்கஹால் இருக்கிறது என்று படித்தேன். அதுவும் மதுவா?

இல்லை. இராத்திரி ஊறிய சோற்றில் முதன்மையாக நடப்பது லாக்டிக் அமிலப் புளிப்பு. ஆல்கஹால் இருந்தாலும் சொற்பம். பயப்படாமல் குடியுங்கள்.

மது உணவா? உணவுச் சட்டத்தில் அதற்கு என்ன இடம்? எதை வைத்து வகை பிரிக்கிறார்கள்? (கல்லூரி மாணவர், நாமக்கல்)

2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் 'உணவு' என்பதன் வரையறையைப் படியுங்கள். பொட்டலத் தண்ணீர், மதுபானம், சூயிங்கம் மூன்றும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. மனிதர் வயிற்றுக்குள் போவதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

வகை பிரிப்பதற்கு மூன்று கேள்விகள் போதும். எதிலிருந்து செய்தது? வடித்ததா, வடிக்காததா? ஆல்கஹால் எவ்வளவு? பிராந்தி, விஸ்கி, ரம், ஜின், வோட்கா, நாட்டு மது எல்லாம் வடித்தவை. திராட்சை வைன், பழ வைன், சிடர், பீர் ஆகியவை புளிக்கவைத்து வடிக்காமல் விட்டவை. பீரில் 5 சதவீதம் வரை சாதாரணம், அதற்கு மேல் 8 வரை 'ஸ்ட்ராங்'. கலந்து பாட்டிலில் அடைத்து உடனே குடிக்க வருபவை தனி வகை, அவற்றுக்கு 0.5 முதல் 15 வரை. தேனைப் புளிக்கவைத்த வைனுக்கு முதலில் தனித் தரம் இல்லை. பின்னால் வந்த திருத்தத்தில் அதையும் சேர்த்தார்கள்.

பிராந்தி என்ற பெயரைப் பார்த்தவுடன் திராட்சைதான் என்று எண்ணிவிடாதீர்கள். கலப்புப் பிராந்தியில் திராட்சைப் பிராந்தி குறைந்தது 2 சதவீதம் இருந்தால் போதும் என்கிறது விதி. மீதிக்கு நடுநிலைச் சாராயம் சேர்க்கலாம். நம் நாட்டில் அது கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்தும் வருகிறது. இது மோசடி ஆகாது, விதி அனுமதித்ததுதான். ஆனால் விலை கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பீர் பாட்டிலில் ஊட்டச்சத்துப் பட்டியல் ஏன் இல்லை?

போடக் கூடாது என்பதே விதி. ஆற்றல் அளவை மட்டும் விரும்பினால் போடலாம். சத்துக்காகக் குடிக்கிறேன் என்று யாரும் சொல்லிக்கொள்ள இடம் வைக்காதது சரி.

எங்கள் மகளிர் குழுவில் ஆனி மாதம் பலா வீணாகிறது. பலாச்சுளை வைன் செய்து விற்க 100 ரூபாய் உணவுப் பதிவு போதுமா? (சோளக்காடு)

போதாது. தயவுசெய்து ஒரு பானைகூட ஊறவைக்காதீர்கள்.

இரண்டு சட்டங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறீர்கள், இதே குழப்பத்தோடு மாதந்தோறும் கடிதம் வருகிறது. பழ வைன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை உணவுச் சட்டம் சொல்கிறது. அதைச் செய்யலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது மாநில அரசு. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் கேரளம் 2022இல் பழங்களிலிருந்து சிறு அளவில் வைன் செய்ய விதி வகுத்தது. அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த விதி வாளையாறு தாண்டி இங்கே வராது.

உங்கள் மலைக்கு இந்த விஷயத்தில் பழைய வரலாறு இருக்கிறது. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். கொல்லிமலை அன்று அந்த மாவட்டத்துக்குள் இருந்தது. அந்த ஆண்டின் சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றும் நம்மை ஆள்கிறது.

பலாவை வற்றலாக்குங்கள், ஜாம் போடுங்கள், கொட்டையை மாவாக்குங்கள். அன்னாசியில் வினிகர் செய்யலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். வினிகர் ஆகும் வழியில் அது முதலில் ஆல்கஹால் ஆகிறது. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பானையைத் தொடுங்கள். பழம் வீணாவதைப் பார்க்கும் வேதனை எனக்குப் புரிகிறது. வழக்கில் மாட்டிக்கொண்ட குழுவுக்கு அடுத்த கடனே கிடைக்காது.

தசமூலாரிஷ்டத்திலும் ஆல்கஹால் இருக்கிறதே, அதற்கு ஏன் இந்த விதி இல்லை?

அது மருந்து. உணவின் வரையறையிலிருந்து மருந்துகள் விலக்கப்பட்டவை. வைத்தியர் சொன்ன அளவில் குடித்தால் மருந்து. பாட்டிலோடு குடிப்பவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

கடையில் விற்பதைவிட மலையில் காய்ச்சுவது சுத்தம். வெல்லம், வேலம்பட்டை, தண்ணீர், அவ்வளவுதான். தீக்குச்சி கிழித்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதில் என்ன தவறு, ஐயா?

எல்லாமே தவறு. இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தீக்குச்சியிலிருந்து தொடங்குவோம். நாம் குடிப்பதாக நினைக்கும் எத்தனாலும் நீலமாக எரியும். அதில் மெத்தனால் கலந்தாலும் நீலமாகவே எரியும். நிறம், மணம், தெளிவு எதிலும் மெத்தனால் தன்னைக் காட்டிக்கொடுக்காது. நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆய்வகக் கருவிதான் கண்டுபிடிக்கும். அந்த நீலச் சுடரை நம்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்தது, 'வெல்லமும் பட்டையும்தான்' என்ற பேச்சு. ஊறலில் நவச்சாரம் போட்டார்களா, எந்த டிரம்மில் ஊறியது, அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது, யார் சொல்வார்கள்? அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. காய்ச்சியவர் கையிலிருந்து உங்கள் கைக்கு வருவதற்குள் பாக்கெட் பல கை மாறுகிறது. காய்ச்ச நேரமும் விறகும் வேண்டும். ஆலைத் தேவைக்கான மெத்தனாலுக்குத் தண்ணீர் சேர்த்தால் போதும். இடையில் இருப்பவர் லாபத்துக்காக அதைச் செய்யும்போது, மலைச் சரக்கு என்ற பெயர் மட்டும் மாறாமல் வந்து சேர்கிறது.

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். இரண்டிலும் மெத்தனால்தான். கருணாபுரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போனவர்கள். பெண்களும் உண்டு. அதே மாத இறுதியில் சட்டசபை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர்ப்பலிக்குக் காரணமானால் ஆயுள் தண்டனை, பெருந்தொகை அபராதம் என்று கடுமையாக்கியது.

மெத்தனால் உடனே கொல்வதில்லை என்பதுதான் கொடுமை. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைப் பிடிக்கிறது. அதற்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதற்குள் குடித்தவர் வேலைக்குப் போய் வந்திருப்பார், இன்னும் ஒரு பாக்கெட் குடித்திருப்பார். வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண்ணெதிரே பனி படர்ந்ததுபோல் மங்கல்: இதில் எது வந்தாலும் மோர் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்று விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 108க்குச் சொல்லுங்கள். போலீஸ் வருமே என்று மறைக்காமல், என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. நேரத்தோடு போனால் பிழைக்கலாம், கண்ணையும் காப்பாற்றலாம். அவரோடு சேர்ந்து குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் அவர்களையும் கூட்டிப் போங்கள்.

கடைச் சரக்குக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதுவும் குடும்பத்தைக் கெடுக்கிறது. ஆனால் அந்தப் பாட்டிலில் தொகுதி எண் இருக்கிறது, ஆலையின் பெயர் இருக்கிறது, மெத்தனாலுக்கு உச்ச வரம்பு இருக்கிறது. தவறு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரியும். பாக்கெட்டில் வருவதற்கு அப்படி யாரும் இல்லை.

தென்னை நீரா விற்கலாமா? (சேந்தமங்கலம்)

உரிமத்தோடு விற்கலாம், 2017இல் விதிகள் வந்துவிட்டன. இறக்கிய நேரத்திலிருந்து குளிரை விடாதீர்கள். குளிர் தவறினால் சில மணி நேரத்தில் அது கள். கள் 1987 முதல் இங்கே தடை. பதநீர் இறக்குபவர் கலயத்தில் சுண்ணாம்பைப் பூசுவது ஈஸ்ட்டை அடக்கத்தான். அதில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

மலைத்தேன் பாட்டிலில் நுரைத்துப் பொங்குகிறது. சுற்றுலா வந்தவர் ஒருவர், இது தானாகவே தேன் மதுவாகிவிட்டது, அதிக விலைக்கு விற்கலாம் என்றார். உண்மையா?

உண்மையில்லை, கெட்டுப்போன தேன். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் தேனுக்குள் உறங்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். மெழுகு மூடாத அறைகளையும் சேர்த்துப் பிழிந்திருப்பீர்கள், அல்லது ஈரப் பாட்டிலில் ஊற்றியிருப்பீர்கள். தேன் வைனுக்குத் தரம் இருக்கிறது என்பதால் பொங்கிய தேனெல்லாம் அது ஆகிவிடாது. விற்றால் தரமற்ற தேன் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுத்துப்போவார். அந்தப் பாட்டில்களைத் தனியே வைத்து மூடியைத் தளர்த்துங்கள், இறுக்கி வைத்தால் வெடிக்கும். அடுத்த முறை மூடிய அறைகளை மட்டும் அறுத்து, ஈரமானியில் பார்த்து, உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நிரப்புங்கள்.