வாடகையில் மிச்சம், வீதியில் செலவு

அண்மையில் ஒரு சகோதரர் என்னிடம் ஆலோசனை கேட்டார். "யாழ்ப்பாணத்தில் கடை எடுத்திருக்கிறேன். அங்கே வீட்டு வாடகை கட்டுப்படியாகாது. பரந்தன் பக்கம் மலிவாக நல்ல வீடு இருக்கிறது. குடும்பத்தை அங்கே வைத்துவிட்டு நாளாந்தம் போய்வந்தால் என்ன?" என்றார். நான் செய்து பார்த்த காரியம் இது என்பதால் வியாபாரச் சகோதரர்கள் எல்லோருக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

2021 ஜனவரியில் நானும் இதே முடிவைத்தான் எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் மச்சானும் நானும் கூட்டாக ஒரு ஹாட்வெயார் கடை நடத்துகிறோம். வீட்டு வாடகை அப்போது 25,000 ரூபா. முரசுமோட்டையில் வெளிநாட்டில் இருப்பவர் ஒருவரின் வீடு 8,000 ரூபாவுக்குக் கிடைத்தது. பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு முல்லைத்தீவு வீதியில் திரும்பினால் சற்றுத் தூரத்தில் வரும் ஊர் அது. இரணைமடுத் தண்ணீரில் நெல் விளையும் பூமி. மூன்று அறை, கிணறு, தென்னைகள், பிள்ளைகள் ஓடி விளையாடப் பெரிய முற்றம். அயலவர்கள் தமிழ்ச் சகோதரர்கள். முதல் நாளே ஒரு செம்பு பாலோடு வந்து விசாரித்தார்கள்.

விசாலமான வீடும் நல்ல அயலவரும் ஒரு மனிதனின் பாக்கியத்தில் அடங்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை நினைத்து மகிழ்ந்தேன். அதே ஹதீஸில் வசதியான வாகனமும் சொல்லப்பட்டிருக்கிறது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

என்னுடைய கணக்கு இதுதான். போக 65, வர 65, ஆக 130 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் பெற்றோல். மாதம் 26 நாளுக்கு 78 லீற்றர். லீற்றர் 137 ரூபா விற்ற காலம், ஆகவே 10,686 ரூபா. வாடகையில் குறைவது 17,000. எனவே மாதம் 6,314 ரூபா மிச்சம். டயர், எண்ணெய், சேர்விஸ் எல்லாம் கணக்கில் வரவில்லை. அதைவிடப் பெரிய பிழை, நேரம் கணக்கில் வரவில்லை. ஆனையிறவு, கொடிகாமம், சாவகச்சேரி என்று போய்வர மூன்றரை மணித்தியாலம். மாதத்துக்கு 91 மணித்தியாலம். 6,314 ரூபாவை 91ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 70 ரூபாகூட இல்லை. கடையில் சீமெந்து மூடை இறக்கிய பையனுக்கே நான் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன்.

அடுத்தது வியாபாரம். மச்சான் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போய்வருபவர், கடை திறப்பது என் பொறுப்பு. சுபஹ் தொழுது, பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுப் புறப்பட்டால் கடைக்கு வர ஒன்பது மணியாகிவிடும். மேசன்மாரும் பாஸ்மாரும் வேலைக்குப் போகும் வழியில் ஏழரைக்கே ஆணி, கம்பி, பைப் வாங்குகிறவர்கள். விற்ற சாமானுக்குப் பில் இருக்கிறது. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனவருக்கு எந்தப் பில் இருக்கிறது? பெற்றோல் காசு கையால் கொடுப்பது, அதனால் தெரிந்தது. இது ஒரு வருடமாகத் தெரியவே இல்லை.

சூரிச் பல்கலைக்கழகத்துப் பொருளியலாளர்களான புரூனோ ஃப்ரே, அலோய்ஸ் ஸ்டட்சர் இருவரும் ஜேர்மனியத் தரவுகளை வைத்து 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தூரப் பயணம் செய்பவனுக்கு அந்தச் சிரமம் கூடிய சம்பளத்தாலோ நல்ல வீட்டாலோ ஈடாகிவிடும் என்பதுதான் பொருளியல் எதிர்பார்ப்பு. ஆனால் பயண நேரம் கூடக்கூட வாழ்க்கைத் திருப்தி குறைந்திருப்பதையே அவர்கள் கண்டார்கள். நான் இஷாவுக்குப் பிறகு வீடு வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அக்கம்பக்கத்தில் மத்ரஸா இல்லாத இடத்தில் அவர்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்க வேண்டியவன் நான். மூத்த மகள் நான்கு மாதம் ஒரே ஸூராவில் நின்றாள்.

2022 வந்தது. வருட ஆரம்பத்தில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூன் மாதக் கடைசியில் 470 ஆனது. அதே 78 லீற்றருக்கு 36,660 ரூபா. பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது முதலில் வாரத்துக்கு 4 லீற்றர். எனக்கு ஒன்றேகால் நாள் ஓட அது போதும்!

அந்த நெருக்கடியில்தான் உமர் (ரழி) அவர்களின் வழிமுறை நினைவுக்கு வந்தது. மதீனாவின் புறத்தே அவாலிப் பகுதியில் வசித்த அவர்கள், அன்ஸாரி அயலவர் ஒருவருடன் முறை வைத்து, ஒருநாள் ஒருவர், மறுநாள் மற்றவர் என நபியவர்களிடம் சென்றுவந்தார்கள். சென்றவர் அன்றைய செய்தியை மற்றவருக்குச் சொல்வார். ஸஹீஹுல் புகாரியில் கல்வி பற்றிய பகுதியில் வரும் இதைப் பலமுறை கேட்டிருந்தும், இரு பங்காளிகளுக்கு இதில் பாடம் உண்டு என்று தோன்றியதில்லை.

மச்சானிடம் பேசினேன். கிழமையில் மூன்று நாள் அவர் கடை திறந்தார், மூன்று நாள் நான் பஸ்ஸில் போனேன். என் முறை இல்லாத நாட்களில் பரந்தன், கிளிநொச்சிப் பக்கத்துக் கொந்தராத்துக்காரர்களிடம் நிலுவை வசூலித்தேன், ஓடர் எடுத்தேன். இரவில் தொலைபேசியில் கணக்கு ஒப்புவித்தோம். பயணம் பாதியானது. இரண்டு வருடமாக நின்ற கடன்கள் சில வந்துசேர்ந்தன.

அந்தச் சகோதரருக்கு நான் சொன்னது இதுதான். கடை கிளிநொச்சியிலோ பரந்தனிலோ என்றால் யோசிக்காமல் அந்த வீட்டை எடுங்கள். யாழ்ப்பாணத்தில் என்றால், இருக்கும் வீட்டை விடுவதற்கு முன் இரண்டு கிழமை அங்கிருந்து போய்வந்து பாருங்கள். கடை திறந்த நேரத்தையும் வீடு வந்த நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெற்றோல் விலை இரட்டித்தால் என்னவாகும் என்றும் ஒரு வரி போட்டுப் பாருங்கள். மாரியில் அந்த வீட்டுக்கு வெள்ளம் வருமா என்று அயலவரிடம் விசாரியுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கண்டாவளைப் பக்கம் பட்ட பாட்டை அவர்கள் மறக்கவில்லை.

நாங்கள் 2023 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட்டோம். இரண்டு அறை வீடு, முற்றம் இல்லை, வாடகை முன்னையதைவிடக் கூட. கடையை ஏழு மணிக்குத் திறக்கிறேன். இளைய மகன் இன்னும் முரசுமோட்டைக் கிணற்றடியைக் கேட்கிறான்.