போர்டைத் திட்டுமுன்

மக்ளே, ஆர்ட்டி என்ற எஃப்பிஜிஏ போர்டு ஒன்று வாங்கிவிட்டாய், எல்இடியும் மினுக்கிவிட்டது என்று உன் அம்மை சொன்னாள். சந்தோஷம். இனிமேல்தான் வேலை.

1. வெப்ராளப்படாதே. எதுவும் ஓடவில்லை என்றால் முதலில் நாக்கை அடக்கு. "போர்டு கெட்டுப்போச்சு" என்று என்னிடம் வந்த பிள்ளைகள் பலர். பெரும்பாலும் பின் ஒதுக்கும் கோப்பில் ஒரு எண் மாறியிருக்கும். உன் ஆர்ட்டி போர்டின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட் சென்சாரை அப்படியே செருகினால் அந்தப் பேச்சு மெய்யாகிவிடும், அவ்வளவுதான்.

2. பவர் போட்ட அந்த முதல் நொடியை மதி. 1999 மார்ச்சில் நாசா 'வயர்' என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கியை விண்ணில் ஏவியது. அதன் மூடியைக் கழற்றும் மின்சுற்றில் ஒரு எஃப்பிஜிஏ. மின்சாரம் வந்தது, கிளாக் தரும் கிரிஸ்டல் ஓடத் தொடங்கச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் வெளிமுனைகள் எந்த நிலையில் இருக்கும் என்று யாரும் உறுதி செய்யவில்லை. மடைப் பலகை இறங்கியிருக்கிறதா என்று பாராமல் குளத்துக்குத் தண்ணீர் விட்ட கதை. மூடி முன்னதாகவே கழன்றது, குளிர்விக்க வைத்திருந்த உறைந்த ஹைட்ரஜன் ஆவியாகிப் போனது, தொலைநோக்கி பார்க்க வேண்டியதைப் பார்க்கவே இல்லை. (வழிகாட்டும் சின்னக் கேமராவை வைத்துப் பிறகு விண்மீன்களின் அதிர்வை அளந்தார்கள். அந்த மனசு எனக்குப் பிடிக்கும்.) ரீசெட் வரும்வரை உன் டிசைனின் ஒவ்வொரு வெளிமுனையும் என்ன செய்யும்? வாயால் பதில் சொல்ல முடிந்த பிறகு மோட்டாரை இணை.

3. "சிமுலேஷனில் ஓடியதே" என்று வாதாடாதே. டைமிங் ரிப்போர்ட்டில் சிவப்பாக ஒரு வரி இருந்தால் அது உனக்கு வந்த கடிதம். ஏசி அறையில் ஒழுங்காக ஓடிய டிசைன், கண்காட்சிப் பந்தலின் மே மாதச் சூட்டில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். செய்த பையன் அந்த வரியை முன்பே பார்த்திருந்தான். ஓடுகிறதே என்று விட்டுவிட்டான்.

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றை மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று உனக்கே தெரியாது.

5. எப்போதாவது வரும் பிழைதான் உன் நேர்மையைச் சோதிப்பது. "இப்போ வரல்ல" என்று சொல்லிக் கோப்பை மூடத் தோன்றும். மூடாதே. பட்டனை அழுத்தும் விரலுக்குக் கிளாக் தெரியாது; அந்தச் சிக்னலை இரண்டு ஃபிளிப்-ஃப்ளாப் வழியாக உள்ளே எடுத்தாயா என்று பார். இரண்டு கிளாக்குகள் சந்திக்கும் இடமெல்லாம் இதே சந்தேகம் வேண்டும். பிழையைப் பிடிக்க உள்ளே லாஜிக் அனலைசர் வைத்ததும் அது மறைந்துபோனால் குணமாகிவிட்டது என்று நினைக்காதே. சிப்புக்குள் இணைப்புகள் இடம் மாறியிருக்கும், பிழை அங்கேயேதான் இருக்கும்.

6. பிறர் எழுதியதைப் பைய உட்கார்ந்து படி. சென்னை ஐஐடியில் சக்தி ப்ராசஸரை உருவாக்கியவர்கள் அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். 2018-இல் அது 22 நானோமீட்டர் சிப்பாக வந்து லினக்ஸ் ஓட்டியது. சிலிக்கானில் ஏறிய தப்பை அழிக்க முடியாது. போர்டில் சில நிமிடத்தில் திருத்தி மறுபடி ஏற்றலாம். அதனால்தான் அத்தகைய டிசைன்கள் முதலில் எஃப்பிஜிஏவில் அடிபடுகின்றன. உன் கையில் உள்ள ஆர்ட்டி வகைப் போர்டுக்கும் சக்தி உண்டு. ஏற்றிப் பார். புரியாத இடத்தில் யாரிடமாவது கேள். ஜூனியரிடம் கேட்டாலும் குறைச்சல் இல்லை.

7. நோட்டுப் போடு. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன அறிகுறி, என்ன மாற்றினாய், அன்றன்றே எழுது. டிசைனை எப்படி ஏற்றினாய் என்பதையும் குறித்துவை: நேரடியாக ஏற்றிய டிசைன் மின்சாரம் போனதும் அழிந்துவிடும், ஃபிளாஷில் எழுதினால்தான் நிற்கும். நம்மூரில் ஐப்பசி மழைக்கு எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது போர்டோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வா. நான் முதலில் நோட்டைத்தான் பார்ப்பேன்.